மேற்படி

பணி நிறைவு விழாவுக்கு வந்திருந்தவர்கள்:

பேராசிரியர். முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். அன்று மாலை ஐந்து மணியோடு பணி முடிகிறது.

அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. துறையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

துறைத் தலைவர். பேராசிரியரின் பழைய மாணவர். ஒலிபெருக்கி கைக்கு வந்தால் கீழே வைக்க மாட்டார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மைக்.

ஆய்வு மாணவி ஒருத்தி. பேராசிரியரின் கடைசி மாணவி. வாரத்துக்கு மூன்று முறை ஹீலியம் கேட்டு என் வாசலில் வந்து நிற்பாள். அவள் பெயரே ஹீலியம் ஆகிவிட்டது.

ஆசிரியர்கள் பதினாலு பேர். பழைய மாணவர்கள் முப்பதுக்கு மேல். கேக் உண்டு என்று கேள்விப்பட்ட இளநிலை மாணவர்கள் எல்லோரும்.

நான். கடும் குளிர் ஆய்வுக்காக ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்துக்கு இரவு ஷிப்ட் ஆள். அதற்கு முன்னால் இதே பேராசிரியரிடம் ஆய்வு மாணவன். பாதியில் விட்டவன்.

வராதவர் ஒருவர்: பதிவு அலுவலகத்தின் சீல் அக்கா. அவர் நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு எல்லாம் அவர் மேஜையில்தான் போய் முடிய வேண்டியிருந்தது.

வருகைப் பட்டியலை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். "உன் கையெழுத்து மட்டுமாவது உருப்படியா இருக்கு" என்றார் மைக். ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டோர் சாவி எங்கள் ஷிப்டிடம் இருப்பதால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. ஸ்டோரிலிருந்து நோட்டு பதினாலை எடுத்து வந்து மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

நோட்டு பதினாலு சாதாரண நோட்டு இல்லை. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பேராசிரியரின் பெயர் அதிலிருந்துதான் வெளியே போனது. ஒரு மெல்லிய உலோகத் தகடு, கடும் குளிரில், எத்தனை கெல்வின் வெப்பநிலையில் கொஞ்சமும் தடையில்லாமல் மின்சாரத்தை விட ஆரம்பிக்கிறது என்று அவர் அளந்து சொன்னார். 3.42. புத்தகங்களில் அட்டவணையில் இருக்கும் எண். மேடைக்குப் பின்னால் தொங்கிய துணியிலும் அவர் முகத்துக்குப் பக்கத்தில் அதைத்தான் முகத்தைவிடப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

ஹீலியம் அதே தகட்டை மூன்று வருஷமாக அளந்தாள். முப்பத்தோரு தடவை. ஒவ்வொரு தடவையும் 3.29.

இரண்டே காலுக்கு ஸ்டோருக்குள் வந்தாள். கையில் கனமான பை. ஆய்வேட்டின் மூன்று பிரதிகள், மேலே ஒரு படிவம்.

"அண்ணா, சார் இங்க வந்தாரா?"

"இங்க எதுக்கு வராரு? ஒட்டடை அடிக்கவா?"

சிரிக்கவில்லை. பையைத் தரையில் வைக்கவும் இல்லை.

"காலைல கேட்டேன். விழா முடியட்டும்னாரு. மத்தியானம் மைக் என்னைத் தனியா கூப்பிட்டு, இன்னைக்கு அவரைத் தொந்தரவு பண்ணாதம்மா, இது அவரோட நாள்ங்கறாரு. என்னோட நாளும் இன்னைக்குத்தானே?"

உண்மைதான். அவள் பதிவு அன்று மாலை ஐந்து மணிக்குக் காலாவதி ஆகிறது. கொடுக்க வேண்டிய நீட்டிப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது. நெறியாளர் கையெழுத்து இல்லாமல் சீல் அக்கா வாங்கமாட்டார். ஐந்து மணிக்குப் பிறகு நெறியாளரே கிடையாது. ஆக, ஐந்து மணிக்குள் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஏழு வருஷமும் தண்ணீரில் போட்டதுதான். அதற்கப்புறம் அவளும் என்னை மாதிரி ஏதாவது இயந்திரத்துக்குக் காவல் இருக்கலாம்.

"மாட்டேன்னு சொல்றாரா?"

"அப்படியும் சொல்ல மாட்டேங்கறாரு. அஞ்சாவது அத்தியாயத்துல, ரெண்டு எண்ணுக்கும் வித்தியாசம் ஏன்னு தெரியலன்னு எழுதியிருக்கேன். 'காரணம் தெரியலன்னு எழுதினா அது ஆய்வேடு இல்ல, புலம்பல். காரணத்தைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.' நாலு மாசமா இதே பாட்டு. என் பக்கம் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். அவர் நோட்டைக் கேட்டா, உன் அளவை நீ பாருங்கறாரு. அவர் பக்கம் என்ன நடந்துச்சுன்னு நான் எங்கண்ணா போய்த் தேட? அப்ப எனக்கு அஞ்சு வயசு."

நோட்டு பதினாலு என் கக்கத்தில் இருந்தது.

"மேல போய் இடம் பிடி. கூட்டம் வந்துடும்" என்றேன்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நோட்டைத் திறந்தேன். எந்தப் பக்கம் என்று தேடத் தேவையில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த பக்கம். அறுபத்து மூன்று.

எங்கள் ஆய்வகத்தில் சில சட்டங்கள் உண்டு. ஒருவர் மானியின் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வார். இன்னொருவர் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசிப்பார். முதல் ஆள் "சரி" சொன்னால்தான் அது எண். குளிரை நேராக அளக்க முடியாது. ஒரு மானியின் முள்ளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அந்த முள் ஆரம்பத்தில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது முன் சைபர். எல்லாம் முடிந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வந்ததா என்று பார்ப்பது பின் சைபர். முள் நடுவில் நகர்ந்திருந்தால் பின் சைபர் காட்டிக்கொடுத்துவிடும். பின் சைபர் இல்லாத அளவீட்டைப் பேராசிரியர் குப்பைக் கூடையில் போடுவார். "சைபர் பார்த்தியா?" என்றுதான் காலை வணக்கத்துக்கே பதில் சொல்வார்.

கடைசிச் சட்டம்: நோட்டில் "மேற்படி" கூடாது. மேல் வரியில் இருக்கும் எண்ணே கீழேயும் வந்தால் சின்னதாய் இரண்டு கோடு போட்டு மேற்படி என்று விட்டுவிடுவது உலக வழக்கம். இங்கே அப்படிப் போட்டால் பக்கத்தைக் கிழிப்பார். நூறு தடவை ஒரே எண் வந்தாலும் நூறு தடவை எழுத வேண்டும். "மேற்படின்னா நீ பார்க்கலன்னு அர்த்தம்" என்பார்.

அறுபத்து மூன்றாம் பக்கம். முன் சைபர்: +2. கீழே நாற்பது எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி. கடைசி வரி, பின் சைபர்: எண்ணுக்குப் பதில் இரண்டு சின்னக் கோடு, மேற்படி. பக்கத்தில் சரி இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். எனக்கும் அப்போது 3.42 வரவில்லை. அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எடுத்த இடத்துல வை" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆய்வகத்தில் நெறியாளர் கேள்வி கேட்கவில்லை என்றால் நீ இல்லை என்று அர்த்தம். ஒன்றரை வருஷம் இல்லாமல் இருந்து பார்த்தேன். பிறகு நின்றுவிட்டேன். இயந்திரத்துக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. வாய்க்குப் பூட்டு போட்டுக்கொண்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு விழா தொடங்கியது. கண்ணாடிப் பெட்டி மண்டபத்தின் பின்பக்கம், கதவுக்குப் பக்கத்தில். "வரைபடம் இருக்கற பக்கத்தைத் திறந்து வை. அறுபத்தொண்ணு. அதுதான் பார்க்க அழகா இருக்கும்" என்று மைக் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அறுபத்தொன்றைத் திறந்து வைத்தேன். அடுத்த தாளில்தான் அது இருந்தது. தாள் என்ன பெரிய தடிமன்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். நடுவயது அம்மா ஒருவர், இப்போது எங்கோ பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறவர், முதலாண்டில் தான் மூன்று பாடத்தில் தோற்றதையும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேராசிரியர் வந்து தனக்கும் இன்னும் நாலு மக்குகளுக்கும் பாடம் எடுத்ததையும் சொன்னார். "மக்குன்னு சொல்லமாட்டாரு. இன்னும் சூடாகலன்னுதான் சொல்வாரு." இன்னொருவர், இயந்திரம் பழுதானபோது பேராசிரியர் நாலு நாள் அதன் அடியில் படுத்துக் கிடந்ததைச் சொன்னார். வாயுக் கசிவில் இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகு கட்டடத்துக்கு இரண்டாவது மாடிப்படி வேண்டும் என்று ஆறு வருஷம் மேலிடத்தோடு மல்லுக்கு நின்று வாங்கினார் என்றார் மூன்றாமவர். அந்தப் படியில்தான் நான் தினமும் ஏறி இறங்குகிறேன்.

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடமே. எதையாவது பொய் என்று ஒதுக்க முடிந்தால் மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹீலியம் மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். பை மடியில். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி. நாலு பத்து.

நாலேகாலுக்கு மைக் எழுந்தார். இந்த ஆள் ஆரம்பித்தால் அரை மணி நேரம்.

"நான் இவர்கிட்ட சேர்ந்த முதல் வாரம்" என்று தொடங்கினார். "நோட்டுல ஒரு மேற்படி போட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு. சார் பார்த்தாரு. ஒண்ணும் பேசல. பக்கத்தை அழகா, ஓரம் பிசிறாம கிழிச்சு, நாலா மடிச்சு, என் சட்டைப் பையில வெச்சாரு. 'வீட்டுக்குக் கொண்டு போ. பொய்யை இங்க வைக்க இடம் இல்ல'ன்னாரு!"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. பழைய மாணவர்கள் பாதிப் பேர் தங்கள் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் கிழிந்திருக்கும்போல.

சிரிக்காதவர்கள் நாலு பேர். ஹீலியம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல், மண்டபத்தின் கடைசிக்கு, பெட்டிக்கு, என்னிடம் பார்வையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னை ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது.

நாலாவது ஆள் நான். பெட்டியின் மூடியைத் தூக்கினேன். ஒரு தாளைத் திருப்பினேன். மூடினேன்.

ஹீலியத்துக்குச் சைகை காட்டினேன். குனிந்தபடி ஓரமாக வந்தாள்.

"என்னண்ணா? சார் கூப்பிட்டாரா?"

"கடைசி வரியைப் பாரு."

பார்த்தாள். கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்தாள். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"முள்ளு நகர்ந்திருக்கு" என்றாள். "பின் சைபர் பார்க்கவே இல்ல. மானியில முள்ளு ரெண்டு பிரிவு நகர்ந்திருந்தா... பூஜ்யம் புள்ளி ஒண்ணு மூணு. அப்படியே வருது. அப்படியே வருதுண்ணா!"

"மெதுவா பேசு."

நிமிர்ந்தாள். முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"பன்னெண்டு வருஷம்."

"நான் மூணு வருஷமா ராத்திரி ராத்திரியா உங்க வாசல்ல வந்து நிக்கறேன். ஏன் வரலன்னு தெரியல, ஏன் வரலன்னு தெரியலன்னு உங்ககிட்டயே புலம்பியிருக்கேன். நீங்க டீ போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா."

"டீ!"

சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அதற்குள் மைக் பேச்சைச் சுருக்கிவிட்டார். அவர் வாழ்நாளில் அது முதல் தடவை. நாங்கள் பெட்டியருகே நிற்பதைப் பார்த்துவிட்டார். ஒலிபெருக்கியைப் பக்கத்து ஆளிடம் திணித்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே, நடைபாதை வழியாக வந்தார். பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது; குரல் மட்டும் மாறியது.

"யார் பக்கத்தைத் திருப்பினது?"

"நான்தான்."

"பைத்தியமா உனக்கு? இங்க இத்தனை பேர் இருக்காங்க." மூடியைத் தூக்கித் தாளைத் திருப்பி வைத்தார். என்ன இருக்கிறது என்று அவர் படித்துப் பார்க்கவில்லை. அதிலிருந்து எனக்குப் புரிந்தது. அவருக்கும் முன்பே தெரியும். "இந்த வேலையை உனக்கு வாங்கிக் குடுத்தது யாருன்னு தெரியுமா? சார்தான் எழுதிக் குடுத்தாரு. நன்றின்னு ஒண்ணு வேண்டாம்?"

"அவர்தான்னு தெரியும். பாவம் பார்த்துக் குடுத்தாரா, வாயடைக்கக் குடுத்தாரான்னுதான் தெரியல."

"சார்" என்றாள் ஹீலியம், மைக்கைப் பார்த்து. "மணி நாலு முப்பத்திரண்டு. எனக்குக் கையெழுத்து வேணும்."

"நாளைலேர்ந்து நான் உன் நெறியாளர்மா. நான் பார்த்துக்கறேன்."

"நாளைக்கு என் பதிவே இருக்காது. உங்களுக்குத் தெரியும்."

"அதுக்காக அவர் கடைசி நாள்ல அவர் முகத்துல கரியைப் பூசணுமா?"

மேடையில் பேராசிரியர் ஒலிபெருக்கி முன்னால் நின்றிருந்தார். எல்லோரும் திரும்பி உட்கார்ந்தார்கள். மைக் சட்டென்று கைகட்டி நின்றார்.

"நிறைய பேசிட்டீங்க" என்றார் பேராசிரியர். "நல்லாவே பேசினீங்க. எல்லாமே முன் சைபர் மாதிரி இருந்துச்சு."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மீதியை நான் பார்க்கணும். கேக்கை வெட்டுங்க. அஞ்சு மணி வரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

இறங்கி வந்தார். முப்பத்து நாலு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் கைதட்டுவதா வேண்டாமா என்று முழித்தது. டீச்சர் எழுந்து அவர் பின்னாலேயே வந்தார். பெட்டியருகே நின்றார்கள். பேராசிரியர் மூடியைத் தூக்கினார். மைக் திருப்பி வைத்த தாளை மறுபடி திருப்பினார். டீச்சர் குனிந்து பார்த்தார்.

"என் கை" என்றார் டீச்சர். "ரெண்டாவது கோட்டை நான் எப்பவும் சாய்ச்சுதான் போடுவேன்."

அன்றைக்கு எழுதியது டீச்சர் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவரும் இதே ஆய்வகத்தில் இருந்தவர் என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"நோட்டை எடுத்துக்கோ" என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார். ஹீலியத்திடம், "மூணு பிரதியும் கொண்டா."

அவர் அறை அதே தளத்தின் மறு கோடியில். அலமாரிகள் காலி. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. மேஜை, மூன்று நாற்காலி, ஒரு கடிகாரம். நாலு முப்பத்தொன்பது. என்னை வாசலில் நிற்கச் சொன்னார். "யாரையும் விடாதே."

பாதிக் கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

"காரணம் என்ன?" என்றார், ஏதோ வகுப்பில் கேட்கிற மாதிரி.

"பின் சைபர் எடுக்கல சார்."

"நீ எடுத்தியா?"

"முப்பத்தோரு தடவையும். முன்னாடியும் பின்னாடியும்."

"நான்?"

டீச்சர் பேசினார்.

"நீங்க முள்ளைப் பார்க்கல. ஹீலியம் தீர்ந்துடுச்சு, முள்ளு எங்கயும் போயிடாது, மேற்படி போடுன்னீங்க. நான் போட்டேன். திருப்பி வாசிச்சேன். நீங்க சரி சொல்லல. எழுந்து போயிட்டீங்க."

"அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அடுத்த வாரம் மெஷின் படுத்துடுச்சு. அஞ்சு மாசம். எழுந்து உட்காரும்போது உங்க எண்ணு ஊரெல்லாம் போயிடுச்சு."

"நீ அப்புறம் ஞாபகப்படுத்தவே இல்லையே."

"ஒரு தடவை பண்ணினேன். ரெண்டு நாள் நீங்க சாப்பிடல. அதுக்கப்புறம் பண்ணல." டீச்சரின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஆனா அதுலேர்ந்துதான் மத்தவங்க நோட்டைக் கிழிக்க ஆரம்பிச்சீங்க. நான் கவனிச்சுட்டுத்தான் இருந்தேன்."

நாலு நாற்பத்து நாலு. நான் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் போடாமல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பதினாறு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். 3.42 புத்தகத்தில் இருக்கும். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாற்காலி நகர்ந்த சத்தம்.

"அஞ்சாம் அத்தியாயத்தை எடு. கையால திருத்தலாம், பக்கத்துல நான் சுருக்கொப்பம் போட்டா செல்லும். நான் சொல்றேன், நீ எழுது."

பேனா மூடி திறந்தது.

"'காரணம் தெரியவில்லை' - அடி. மேல எழுது. முதல் அளவீட்டில் பின் சைபர் எடுக்கப்படவில்லை."

"முதல் அளவீட்டில் பின் சைபர் எடுக்கப்படவில்லை."

"சரி. நோட்டு பதினாலு, பக்கம் அறுபத்து மூன்றில், அந்த இடத்தில் மேற்படி என்று குறிக்கப்பட்டுள்ளது."

அவள் திருப்பி வாசித்தாள்.

"சரி. ஆகவே 3.42 என்ற மதிப்பை ஏற்க இயலாது."

பேனா நின்றது.

"எழுதும்மா."

எழுதினாள். வாசித்தாள். இந்தத் தடவை "சரி" வரக் கொஞ்சம் நேரம் ஆனது. ஆனால் வந்தது.

அந்த நேரம் பார்த்து மைக் வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"குரூப் போட்டோவுக்கு எல்லாரும் நிக்கறாங்க. சாரைக் கூப்பிடு."

"வேலையா இருக்காரு."

"தள்ளு."

கதவை என் பக்கம் இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டேன். மைக் கைப்பிடியைப் பற்றினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். ஐம்பது வயசுத் துறைத் தலைவரும் தூக்கம் கெட்ட ஷிப்ட் ஆளும் ஒரு கதவுக்காக மல்லுக்கட்டுவதை எதிரே வந்த இளநிலைப் பையன் கேக்கை வாயில் வைத்தபடி நின்று பார்த்தான்.

"உன் வேலை போயிடும்" என்றார் மைக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னைக்கு எனக்கு வீக்லி ஆஃப் சார். நாளைக்கு வந்து சொல்லுங்க."

"அந்த எண்ணை வெச்சு எழுதின ரெண்டாவது கட்டுரையில என் பேரும் இருக்குடா. உனக்கு என்ன தெரியும்?"

கடைசியில் அதுதான் வெளியே வந்தது. சொன்னதும் அவருக்கே கை தளர்ந்தது. கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

உள்ளே இரண்டாவது பிரதி ஓடிக்கொண்டிருந்தது. ஹீலியம் அவசரப்பட்டிருக்க வேண்டும்.

"என்ன இது?" என்றார் பேராசிரியர்.

"டைம் ஆகுது சார். முதல் பிரதியில இருக்கறதையே பார்க்கவும்னு போட்டா..."

"முழுசா எழுது."

"சார், நாலு ஐம்பத்தொண்ணு!"

"முழுசா எழுது. மூணுலயும்."

டீச்சர் மெல்லச் சிரித்தது கேட்டது. அன்று அவர் சிரித்த ஒரே இடம் அதுதான்.

எழுதும் சத்தம். வாசிக்கும் சத்தம். சரி. சரி. சரி. மூன்றாவது பிரதி. பிறகு படிவம். படிவத்தில் நாலு இடத்தில் கையெழுத்து, நாலு இடத்தில் தேதி. ஒவ்வொன்றிலும் நாள், மாதம், வருஷம் முழுக்க எழுதினார் அந்த மனுஷர்.

நாலு ஐம்பத்தாறுக்குக் கதவு திறந்தது. ஹீலியம் பையோடு வந்தாள். பை வாய் பிளந்து, ஒரு பிரதி சரிந்து தரையில் விழுந்தது. நான் அதை எடுத்தேன். இன்னொன்றையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் மறுக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கனம் அதிகம், அவ்வளவுதான்.

பேராசிரியர் வாசலில் நின்றார். மைக்கைப் பார்த்தார், பிறகு என்னை.

"அன்னைக்கு நீ கொண்டுவந்து வெச்சப்ப, நான் சரின்னு சொல்லியிருக்கணும்" என்றார்.

ஓடினோம்.

பதிவு அலுவலகம் அடுத்த கட்டடத்தின் தரைத்தளம். புதுப் படியில் இறங்கினோம். அவர் வாங்கிக் கொடுத்த படி. முற்றத்தில் படம் எடுக்க வரிசையாக நின்றிருந்தவர்கள் நடுவே புகுந்து, யாரோ "மெதுவா, மெதுவா" என்று கத்த, சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஓடினோம். ஹீலியத்தின் செருப்பு ஒன்று பின்தங்கியது. அவள் திரும்பவில்லை.

சீல் அக்காவுக்கும் ஒரு சட்டம் உண்டு. "அஞ்சு மணிக்கு உள்ள இருக்கறவங்க வேலையை முடிச்சுத்தான் அனுப்புவேன், எட்டு மணி ஆனாலும் சரி. வெளிய நிக்கறது கடவுளா இருந்தாலும் நாளைக்கு வரட்டும்." அந்தச் சட்டத்துக்கு எதிரே பத்தரை வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். விலகல் கடிதத்தோடு. அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன்.

அலுவலக உதவியாளர் கதவின் ஒரு பலகையை ஏற்கெனவே சாத்தியிருந்தார். மறு பலகையில் கை. உள்ளே சீல் அக்காவின் குரல்.

"யாரும்மா ஓடி வர்றது? உள்ள வா, சீக்கிரம். ஒத்தைச் செருப்பா? சரி, வா."

ஹீலியம் பலகையின் இடுக்கில் நுழைந்தாள். நான் இரண்டு பிரதியையும் நீட்டினேன். அவள் கை வெளியே வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனது. உதவியாளர் என்னைப் பார்த்தார்.

"நீங்க?"

"நான் இல்ல" என்றேன். "அவங்க மட்டும்தான்."

பலகை அவள் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. உள்ளே சாவி இரண்டு தடவை திரும்பியது.